ஆறு கையெழுத்தும் ஒரு வெங்காய லோடும்

நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தது 2002-இல். அப்போதெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2005, 2008, 2011, 2014, 2017, 2020 என்று ஆறு முறை புதுப்பித்தேன். ஆறு முறையும் டாக்டர் சான்றிதழ் வைத்துத்தான் புதுப்பித்தேன். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை. நாலு பேரை நான் பார்த்ததே இல்லை.

நெடுந்தூர லாரி லைனில் ஓடுகிறவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அங்கே ஒரு புரோக்கர் இருப்பார். மூன்று போட்டோவும் பழைய லைசென்ஸும் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தால், டாக்டர் சான்றிதழான 1-ஏ படிவம் சீலோடு தயாராக இருக்கும். டாக்டர் கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி காகிதத்தின் மேலும் விழ வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் சுத்தமாகச் செய்வார்கள். 2011-இல் மட்டும் புரோக்கர் வரவில்லை என்று நானே மாடிப்படி ஏறிப் போனேன். டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்:

“கண்ணு தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“காது?”

“கேக்குதுங்க.”

சீல் விழுந்தது. வெளியே வந்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் நடை மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால் டாக்டர்களை மட்டும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. சோதிக்காமல் விட்டதில் எனக்கும் லாபம் இருந்தது.

பிற்பாடு ஒருநாள் உட்கார்ந்து அந்தப் படிவத்தை முழுசாகப் படித்தேன். அதில் டாக்டர், ‘இவரை நான் நேரில் பரிசோதித்தேன்’ என்று எழுதிக் கொடுக்கிறார். தூரப் பார்வை, காது, கைகால் மூட்டுகள் இவற்றைக் கவனமாகப் பார்த்தேன் என்கிறார். நிறம் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்குமா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று கேள்விகள். நல்ல பகல் வெளிச்சத்தில் என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பி.பி. எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று எழுத அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

2023-இல் நாசிக் வெங்காயம் மதுரைக்கு. பத்து சக்கர வண்டி. கூட ஒரு கிளீனர் பையன். இப்போதெல்லாம் கிளீனர் வைத்துக்கொள்கிற வண்டியே குறைவு, படி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அந்தத் தடவை ஓனரின் சொந்தக்காரப் பையன் தொழில் பழக வருகிறேன் என்று ஏறியிருந்தான். கிருஷ்ணகிரி டோல் தாண்டி, தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது விடியற்காலை மூன்று மணி இருக்கும். தொப்பூர் கணவாய் எனக்குப் புதிதல்ல. எந்த வளைவில் எந்த கியர் என்று கால் தானாகப் போகும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வருகிறவனுக்கு அது முழுக்க இறக்கம். நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்களெல்லாம் அங்கேதான் வண்டியைக் கொட்டினார்கள். நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. இரண்டாவது கியரில், இன்ஜின் பிடிப்பில்தான் வந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து ரோட்டில் ஏறி வந்த ஒரு வண்டியின் லைட் கண்ணில் அடித்தது. அந்த வெளிச்சம் சுற்றிலும் ஊசி ஊசியாக விரிந்து கண்ணாடி பூராவும் பரவியது. இது கொஞ்ச மாதமாகவே இருந்ததுதான். கண்ணாடி அழுக்கு என்று நினைத்து வைப்பர் போடுவேன். அன்றைக்கும் வைப்பரைத்தான் போட்டேன்.

“அண்ணா, வண்டி நிக்குது! அண்ணா!”

இடது ஓரத்தில் டயர் பஞ்சரான ட்ரெய்லர் ஒன்று, பார்க்கிங் லைட் இல்லாமல், பின்னால் ஒரு மரக்கிளையை மட்டும் அடையாளமாகப் போட்டுவிட்டு நின்றது. வலது பக்கம் ஒடித்தேன். நல்ல காலம், பின்னாலிருந்து பக்கவாட்டில் யாரும் வரவில்லை. வெங்காயம் ஒருபக்கமாக ஒருமுறை சாய்ந்து திரும்பி வந்தது. பாரம் சாய்வதை உட்காருமிடத்தில் உணர்ந்தவனுக்குத்தான் அது என்ன என்று தெரியும்.

கீழே சமதளம் வந்ததும் ஓரம் கட்டினேன். பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “ஏனுங்கண்ணா, அந்த வண்டி உங்களுக்குத் தெரியவே இல்லைங்களா?”

தூக்கக் கலக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வண்டி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் முட்டாள்தனம், கண்ணாடிக் கடைக்குப் போனது. அங்கே மெஷினில் பார்த்து பவர் எழுதி, 1,800 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் அந்தக் கண்ணாடியிலேயே மங்கியது. கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. அவர் மேல் தப்பில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து மாறுமாம். கட்டுக்குள் வந்து சில வாரம் நிலையாக இருந்த பிறகுதான் கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும். எனக்குச் சுகர் இருப்பதே அப்போது தெரியாதே!

என் மனைவிதான் இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, உள்ளே பார்த்தார்கள். அந்தச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டப்பார்வை கலங்கும், வெயில் குத்தும். அன்றைக்கு வண்டி எடுக்கவே கூடாது. இதைத் தெரியாமல் பைக்கில் போயிருந்தேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தோம். இந்தச் சோதனைக்குப் போகும்போது ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், லோடு ஏற்றுகிற நாளில் வேண்டாம்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, லென்ஸின் பின்பக்கத்தில் படர்கிற வகை. சுகர் உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் வரும். பகலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் ஓரளவு படித்துவிடலாம், எதிரே லைட் அடித்தால்தான் பார்வை விழுந்துவிடும். இடது கண்ணின் விழித்திரையில் சுகரால் வந்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன, அது ஆரம்ப நிலை. அதற்கு வலி இருக்காது, மங்கல்கூட இருக்காது, உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அதாவது, யாராவது ஒரு டாக்டர் படிவத்தில் உள்ளபடியே நேர்மையாக என்னைப் பகலில் 25 மீட்டர் தள்ளி நிற்க வைத்து நம்பர் பிளேட் படிக்கச் சொல்லியிருந்தாலும் நான் பாஸ். தொப்பூரில் மூன்று மணிக்குத்தான் ஃபெயில்.

ரத்தம் எடுத்தார்கள். சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.8. ஆறரையைத் தொட்டாலே சுகர் என்று கணக்கு. பி.பி. 170/100.

அடுத்த மூன்று வாரம் ஓனரிடம் சொல்லவில்லை. மகள் அப்போது பிளஸ் டூ. வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் நான் வேறென்ன வேலைக்குப் போவேன்? எட்டாவதோடு நின்றவன். டிரைவர்கள் டாக்டரிடம் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்ற பயம்தான். ஆனால் மூன்று வாரம் கழித்து நான் கண்டது வேறு. கண் டாக்டரம்மாவோ சுகர் டாக்டரோ “இனி ஓட்டாதே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இப்போதைக்கு ராத்திரி ஓட்டாதே, ஆபரேஷன் முடிந்து, சுகர் இறங்கியதும் ஓட்டு” என்றார்கள். இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் பாதி டிரைவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஓனரிடம் சொன்னேன். முனகினார். நாலு மாதம் சங்ககிரி, கரூர் என்று பகல் லோக்கல் நடை கொடுத்தார். பேட்டா குறைந்தது, வீட்டில் நகை அடகுக்குப் போனது. அதை மறைக்கவில்லை. ஆனால் வேலை போகவில்லை.

வலது கண் ஆபரேஷன் 2024 தொடக்கத்தில். அரைமணி நேர வேலை. ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி அளவு எடுத்தார்கள். ராத்திரி முதல் தடவையாக எதிர் வண்டியின் இரண்டு லைட்டும் இரண்டு லைட்டாகவே தெரிந்தபோது, இத்தனை நாள் எதை வைத்து ஓட்டினேன் என்று உடம்பு நடுங்கியது.

மாத்திரை விஷயத்தில் நான் பட்டதை எழுதாமல் விடக்கூடாது. ஏனென்றால் டாக்டருக்கு நம் வேலை தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். நான் முதலில் “டிரைவர்” என்று மட்டும் சொன்னேன். அவர் கார் டிரைவர் என்று நினைத்துக்கொண்டார். காலையில் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு, பிறகு மெட்ஃபார்மின். வீட்டில் இருக்கிறவனுக்கு அது சரியான கணக்கு. ஒருநாள் ஓசூருக்கு முன்னால் தாபாவில் சாப்பிடலாம் என்று மாத்திரையைப் போட்டேன். அதற்குள் கம்பெனியிலிருந்து போன், கேட் திறந்துவிட்டான், உடனே வா என்று. சாப்பிடாமல் கிளம்பினேன். முக்கால் மணி நேரத்தில் முதுகு பூராவும் வேர்வை. ஸ்டீயரிங் பிடித்த கை நடுங்குகிறது. முன்னால் போகிற வண்டியின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன். டீத்தூள் டப்பாவோடு இருந்த சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது.

மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஆகாதாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும்தான் சாப்பாடு தவறினால் ஆளைக் கவிழ்க்கும். அன்றிலிருந்து இலையில் சாப்பாடு விழுந்த பிறகுதான் மாத்திரையை உறையிலிருந்து எடுப்பேன். டேஷ்போர்டில் குளுக்கோஸ் பாக்கெட்டும், சீட்டுக்குப் பக்கத்தில் சுகர் பார்க்கிற மெஷினும் உண்டு. வண்டி எடுக்கும் முன் 90-க்குக் கீழே காட்டினால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எடுப்பது. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டீயரிங் தொடக்கூடாது. மூளை முழுசாகத் தெளிய அவ்வளவு நேரம் பிடிக்குமாம்.

பி.பி. மாத்திரையிலும் ஒரு கூத்து. அதில் நீர் பிரியும் மருந்து கலந்திருந்தது. மணிக்கு ஒருதரம் வண்டியை எங்கே நிறுத்துவது? நானாகவே லைனில் போகிற நாட்களில் அதை விட்டுவிட்டேன். மாதத்தில் இருபது நாள் லைன். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டினார். கடைசியில் மனைவி போட்டுக் கொடுத்துவிட்டாள். “இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?” என்று திட்டிவிட்டு வேறு மாத்திரை எழுதினார். அவ்வளவுதான் விஷயம். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நான் லைனில் இருந்தாலும் அவள் வாங்கி வைத்துவிடுவாள். நாள் பார்த்து எண்ணியும் வைப்பாள், அதுதான் தொல்லை.

பி.பி. பார்க்கப் போகும்போது இன்னொன்று. நான் ஒருதடவை இரவெல்லாம் ஓட்டிவிட்டு, குளிக்காமல், ஒரு பீடியும் ஒரு டீயும் போட்டுவிட்டு, படியேறிப் போய் நேராகக் கையை நீட்டினேன். 160 காட்டியது. நர்ஸம்மா ஒன்றும் எழுதாமல், “ஒண்ணுக்குப் போயிட்டு வந்து இருவது நிமிசம் சும்மா உக்காருங்க, பேசாதீங்க” என்றார். மறுபடி பார்த்தால் 138/88. டீ, பீடி அரைமணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், மூத்திரம் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேஜையில் கிடக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லை, அப்படித்தான் அளக்க வேண்டும். இப்படிச் சரியாக அளந்தும் 140/90-க்கு மேல் நின்றால் அது நிஜமான பி.பி.

அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு ஒரு சோதனை. பி.பி. 140/90-ஐத் தாண்டினால் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான் தகுதி அட்டை கொடுப்பார்கள். 180/110 தொட்டால் இறங்கும் வரை வண்டியே கிடையாது. நமக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு கனரக லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். புதுப்பிக்கிற அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் நாற்பது தாண்டிய ஓர் உடம்பு ஐந்து வருடத்தில் எங்கெங்கோ போய்விடும். நான் இப்போது ஐந்து வருடத்தை நம்பவில்லை. வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு வண்டி ஊரில் நிற்கும். அந்த வாரத்தில் கண்ணுக்குச் சொட்டு விட்டுப் பார்த்துவிடுவேன். வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிறோம், ஓட்டுகிறவனுக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா?

நிறம் பார்க்கிற சோதனை பற்றி ஒரு கதை. என் அக்கா மகன் லைசென்ஸுக்குப் போனான். புள்ளி புள்ளியாக வட்டத்துக்குள் எண் தெரிகிற புத்தகம் இருக்கிறதே, இஷிஹாரா என்ற ஜப்பான் டாக்டர் 1917-இல் போட்டது, அதை வைத்துச் சோதித்தார்கள். யாரோ ஒரு கூட்டாளி அவனுக்கு எண்களை வரிசையாக மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்கிறான். முதல் பக்கம் 12. சொல்லிவிட்டான். ஆனால் அந்த 12 நிறக்குறை உள்ளவர்களுக்கும் தெரியும். ஒருவன் வேண்டுமென்றே தெரியாது என்று நடிக்கிறானா என்று பார்க்கவும் அந்தப் பக்கம் உதவும். இரண்டாவதிலிருந்து டாக்டர் பக்கங்களைக் கலைத்துப் புரட்டினார். மாப்பிள்ளை மனப்பாடத்தைக் கலைக்காமல் ஒப்பித்தான். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்ட கேள்வி: “உங்க தாய்மாமன் யாருக்காவது கலர் சரியாத் தெரியாதா?”

அம்மா வழியாக மகனுக்கு வருவதாம் இது. அம்மாவிடம் குறை வெளியே தெரியாது, மகனுக்கும் மாமனுக்கும்தான் பிடிபடும். என்னைச் சோதித்தால் எனக்குச் சரியாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பேசும்போதுதான் எங்கள் பெரியண்ணன் நினைவுக்கு வந்தான். மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்கச் சொன்னால் பச்சையையும் சேர்த்துப் பறித்துவிட்டு அப்பாவிடம் தினமும் அடி வாங்குவான். “திமிரு புடிச்சவன், வேணும்னே பண்றான்” என்பார் அப்பா. நாற்பது வருடம் கழித்து அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பார்த்தான். இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டான். அப்பா இப்போது இல்லை.

நிறக்குறை என்றாலே லைசென்ஸ் கிடையாது என்று பலர் இன்னும் நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். 2020 ஜூனில் விதியை மாற்றிவிட்டார்கள். லேசான, நடுத்தர அளவு நிறக்குறை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் தரலாம், கடுமையாக இருந்தால் மட்டும் தரக்கூடாது. எந்த அளவு என்று டாக்டர் சோதித்து எழுதித் தர வேண்டும். மாப்பிள்ளைக்கு லேசானது. புத்தகத்தை மனப்பாடம் செய்த நேரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை. என் மச்சான் அரசு பஸ் ஓட்டுகிறார். காலர் 17 இஞ்சுக்கு மேல். அவர் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொள்ளும், அப்படி. நடுவில் சட்டென்று குறட்டை நின்று, மூச்சும் நின்று, அப்புறம் கொக்கரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் பகலில் சிக்னலில் கண் சொக்குகிறது என்றார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் ஒயர்களோடு படுக்க வைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மூச்சு அடைக்கிற வியாதி. இப்போது முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று அடிக்கிற மெஷினோடு தூங்குகிறார். “ஏர் பிரேக் மாதிரி சத்தம் போடுதுங்க மாமா” என்று சிரிக்கிறார். பகலில் சொக்குவது நின்றுவிட்டது.

அவர் தைரியமாகப் போய்ச் சோதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அரசு வேலையில் இருக்கும்போது உடல்குறை வந்தால் வேலையை விட்டு நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 20-ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் லாரியில் ஓடுகிற எனக்கு அப்படி ஒரு வரி கிடையாது. டிரைவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

குறட்டை இல்லாதவனுக்கும் தூக்கக் கணக்கு உண்டு. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருக்கிறவன் அளவுக்குத்தான் கை கால் வேலை செய்யும் என்று ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்ட வரம்பு 0.03. குடிக்காமலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறோம், ஊதச் சொன்னால் மெஷின் பிடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அரிப்புக்குப் போடுகிற அவில், சளி மாத்திரையில் இருக்கிற தூக்க மருந்து இவையெல்லாம் இதோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மெடிக்கலில் எது வாங்கினாலும் “வண்டி ஓட்டணும், தூக்கம் வராததாக் குடுங்க” என்று சொல்லி வாங்குகிறேன்.

சரி, புதுப்பிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்குள் போனாலும் புதுப்பித்துக் கொடுப்பார்கள், அதற்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இதில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று. முன்பு தேதி முடிந்தாலும் 30 நாள் லைசென்ஸ் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. இப்போது தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் எடுத்த மாதிரி. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். கேஸ் டேங்கர் மாதிரி அபாயச் சரக்கு ஓட்டுகிறவர்களுக்கு ஐந்து வருடம் கிடையாது, மூன்றுதான்.

போகும்போது நான் கொண்டுபோனது: கண்ணாடி இரண்டு (ஒன்று உடைந்தால் நடு வழியில் என்ன செய்வது, வண்டியிலும் எப்போதும் இரண்டு), கண் ஆபரேஷன் சீட்டு, கடைசி ரத்தச் சோதனை, சாப்பிடுகிற மாத்திரையின் காலி அட்டைகள். பெயர் எனக்கு வாயில் நுழையாது, அட்டையைக் காட்டினால் டாக்டரே படித்துக்கொள்வார். முந்தைய இரவு வண்டி எடுக்கவில்லை, வீட்டில் தூங்கினேன்.

2025-இல் நான் போனபோது ஜெராக்ஸ் கடை இருந்தது, புரோக்கரும் இருந்தார், ஆனால் முகம் வாடியிருந்தது. 1-ஏ சான்றிதழை டாக்டரே தன் பதிவு எண்ணோடு சாரதி என்ற அரசு லைசென்ஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். காகிதத்தில் குத்துகிற சீல் செல்லாது. “அண்ணா, எதுக்கு அலையறீங்க, டாக்டர் லாகின் நம்மகிட்டயே இருக்குது” என்று காதோரம் சொன்னார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். இளம் டாக்டர். எனக்கு முன்னால் நாலு பேர், ஒவ்வொருவருக்கும் கால்மணி நேரம். வெளியே ஒருவர் “இவன்கிட்ட வந்திருக்கவே கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. கை விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், குந்தி எழச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். பின்னால் நின்று ஒவ்வொரு காதாக ஏதோ கிசுகிசுத்தார். வலது காதில் இரண்டாவது முறை சொன்னதுதான் கேட்டது. “ஜன்னல் பக்கக் காதுங்களா?” என்று அவரே சிரித்துக் குறித்துக்கொண்டார். சுகர் இருக்கிறதா என்றார். பழைய ஆறு தடவையில் யாரும் கேட்காத கேள்வி. இருக்கிறது என்றேன். சீட்டைக் கொடுத்தேன், மூன்று மாதச் சராசரி 7.1. பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்புறம் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது.

“அந்த நம்பரைப் படிங்க.”

படித்தேன்.

“இடது கண்ணை மூடிக்கிட்டு.”

படித்தேன்.

“வலது கண்ணை மூடிக்கிட்டு.”

படித்துவிட்டு, “டாக்டர், பின்கண்ணாடியில இன்சூரன்ஸ் ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்குதுங்க” என்றேன்.

“அது என் வண்டிதாங்க, எனக்குத் தெரியும்” என்று உள்ளே போனார்.